பரலோகத்தில் நான் யாருடைய மனைவி?

பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

கர்த்தர் புண்ணியத்தில் நான் சுகம். வலது முழங்கால் மட்டும் அவர் சொல்லையும் கேட்பதில்லை, மருத்துவர் சொல்லையும் கேட்பதில்லை. உன் வயிற்று எரிச்சல் எப்படி இருக்கிறது? காலையில் எதுவும் சாப்பிடாமல் வகுப்புக்குப் போகும் பழக்கத்தை விட்டாயா? போனில் கேட்டால் பாதியில் வைத்துவிடுவாய். கடிதம் என்றால் பிழை கண்டுபிடிக்கவாவது கடைசி வரி வரை படிப்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து அத்தானின் கல்லறைக்குப் போனேன். மழையில் தலைமாட்டுக் கல் கொஞ்சம் சாய்ந்திருந்தது. நிமிர்த்த ஆள் வந்து போகிறார். இரட்டைக் கல்லறை வாங்கும்போதே இரண்டு பெயரையும் வெட்டிவிடுவது இந்தச் சபை வழக்கம் அல்லவா? என் பெயரும் அதில் ஆறு வருஷமாக இருக்கிறது, தேதிக்கு மட்டும் இடம் விட்டு. உயிரோடு நின்று என் பெயரில் படிந்த பாசியை நானே தேய்த்துவிட்டு வருகிறேன். இந்தப் பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்!

உன்னிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். எனக்கு இல்லை. எங்கள் மாதர் சங்கத்தில் ஒரு அம்மா, கணவரை இழந்தவள். அவளைக் கட்டிக்கொள்ள ஒருவர் கேட்கிறார், நல்ல மனிதர்தான். இவளுக்கு என்ன பயமென்றால், நாளைக்குப் பரலோகத்துக்குப் போனால் வாசலில் இரண்டு பேரும் நிற்பார்களே, அங்கே அவள் யாருடைய மனைவி? போதகரிடம் கேட்டாளாம். அவர் சின்னப் பையன், போன வருஷம்தான் கல்யாணம் ஆனவர். காது சிவந்து, "ஜெபிப்போம்மா" என்று கண்ணை மூடிக்கொண்டாராம்.

நீ படித்தவன். சீக்கிரம் பதில் எழுது. அந்த அம்மா அவசரப்படுகிறாள்.

உன் அக்கா

*

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

வயிறு எரிகிறது. எரியாமல் என்ன செய்யும்? என்னிடம் படித்து, இரண்டு முறை தேறாமல் போனவன் இப்போது இந்த இறையியல் கல்லூரிக்கு முதல்வர். இருபத்தாறு வருஷம் கிரேக்கம் நடத்திய எனக்குத் தேர்வறைக் கண்காணிப்பு வேலை கொடுத்திருக்கிறான், பென்சில் விழுந்தால் எடுத்துக் கொடுக்க. என் குடியிருப்பில் குழாய் சொட்டுகிறது. மனு கொடுத்து வருஷமாகிறது. நூலகத்து அம்மா தாமதமான புத்தகத்துக்கு அபராதம் கேட்கிறாள், அதுவும் சிரித்துக்கொண்டே.

உன் மாதர் சங்கத்து அம்மாவின் சந்தேகம் புதிதல்ல. ஏழு அண்ணன் தம்பிகள் ஒருவன்பின் ஒருவனாகச் செத்துப்போக, ஏழு பேருக்கும் வாழ்க்கைப்பட்ட ஒருத்தியின் கதையைச் சொல்லி இயேசுவையே மடக்கப் பார்த்தார்கள். உயிர்த்தெழுதலில் அவள் யாருக்கு மனைவி என்றார்கள். அங்கே கல்யாணம் என்ற ஏற்பாடே கிடையாது, எல்லாரும் தேவதூதர்களைப் போல இருப்பார்கள் என்று சொல்லி இயேசு அவர்கள் வாயை அடைத்துவிட்டார். ஆகவே அந்த அம்மா கவலைப்பட வேண்டாம். வாசலில் யாரும் உரிமை கொண்டாடி நிற்கப்போவதில்லை. விஷயம் முடிந்தது.

அவளுக்கு என்ன வயது? இந்த வயதில் என்ன அவசரம்?

கல்லறைத் தோட்டம் வரை போனாயே, அப்பாவின் கல்லைப் பார்த்தாயா? பதினைந்து வருஷத்தில் என் பெயர் அதில் முளைத்திருக்கிறதா? இல்லையென்று தெரியும், சும்மா கேட்டேன்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் தம்பி

*

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

ஒத்தடம் கொடுத்தேன், தேவலாம். உன் குழாய்க்காக ஜெபித்தேன். முதல்வருக்காகவும்தான், கோபப்படாதே.

உன் பதிலை அந்த அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். முகம் தொங்கிப்போய்விட்டது. "முப்பது வருஷம் ஒரே போர்வைக்குச் சண்டை போட்ட மனுஷன், அங்க என்னைப் பார்த்து 'ஸ்தோத்திரம் சிஸ்டர்'னு சொல்லிட்டுப் போயிடுவாரா? அப்படின்னா அந்த ஊருக்கு நான் எதுக்குப் போகணும்?" என்கிறாள். ஒருவரை ஒருவர் அடையாளமாவது தெரியுமா என்று கேட்கிறாள். அவள் கணவர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் தூக்கி வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுவாராம். அங்கே கண்பார்வை சரியாகிவிட்டால் கண்ணாடி இருக்காது. கண்ணாடி இல்லாமல் அவரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு கவலை.

கேட்கிறவர் மனைவியை இழந்தவர். கையால் வேலை செய்கிறவர், அதிகம் பேசமாட்டார். அவர் பெயரும் அவர் மனைவியின் கல்லில் ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. ஆளுக்கொரு கல்லில் இடம் பிடித்து வைத்துவிட்டு இரண்டு பேரும் நடுவில் நிற்கிறார்கள், பாவம்.

கொஞ்சம் இரக்கத்தோடு பதில் எழுது. நீ நூலகத்து அம்மாவுக்கு எழுதுகிற அபராத விளக்கம் மாதிரி எழுதாதே.

உன் அக்கா

*

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துவிட்டுத் தேடியவர் என் அத்தான். என் படுக்கைக்கு அடியில்கூட ஒரு முறை தேடினார். உன் மாதர் சங்கத்து அம்மாவுக்கு முழங்கால் வலியும் உண்டா என்று கேட்டு உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன். நீ எனக்கு ஆறு வயது மூத்தவள், ஆனால் பொய் சொல்லத் தெரியாதவள். சின்ன வயதில் மிட்டாய் டப்பாவைத் திறந்தது யார் என்று அப்பா கேட்டால், "எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளை" என்பாய்.

இரக்கத்தோடு எழுதச் சொன்னாய். முயல்கிறேன். கல்யாணம் இல்லை என்றுதான் இயேசு சொன்னாரே தவிர, அன்பு இல்லை என்று அவர் சொல்லவில்லை. அவர் உயிர்த்தெழுந்த காலையில் கல்லறைக்குப் பக்கத்தில் அழுதுகொண்டிருந்த பெண் அவரைத் தோட்டக்காரர் என்றே நினைத்தாள். முகத்தைப் பார்த்தும் தெரியவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டார், தெரிந்துவிட்டது. அத்தான் உன்னைக் கூப்பிடும் விதம் ஒன்று உண்டே, சமையலறை வரை இழுத்து நீட்டி? அதை வைத்துக் கண்டுபிடித்துக்கொள். கண்ணாடி வேண்டாம்.

இதை நூலகத்து அம்மாவிடம் சொன்னேன். அபராதத்தைத் தள்ளுபடி செய்துவிட்டாள். ஏனென்று தெரியவில்லை.

சரி, ஆள் யார்? தச்சரா, தையல்காரரா? யாராக இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆறு வருஷம் தனியாக இருந்துவிட்டாய், போதும். இந்த உலகத்தில் ஒரே ஒருவனைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவன் மேலே படிந்திருக்கும் கல்தூசிக்கு எந்தப் பெண்ணும் கிட்டே வரமாட்டாள் என்பதால் அந்தக் கவலையும் இல்லை.

பீடம் வரை உன்னைக் கைப்பிடித்து அழைத்துப்போக நான் வருவேன். கோட்டு ஒன்று இருக்கிறது.

உன் தம்பி

*

மே 30

அன்புள்ள தம்பிக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. இங்கே மழை. ஆலயக் கூரையில் ஒழுகி, பாடகர் குழு குடை பிடித்துக்கொண்டு பாடியது. தாழ்ந்த குரல்காரர்களுக்குத்தான் நல்ல குடைகள். போதகருக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, அவருடைய காதுகளோடு. என் மகள் போனில் கூப்பிட்டாள், மாமாவை மறக்காமல் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். பின்கதவுத் தாழ்ப்பாள் இப்போது ஒழுங்காக விழுகிறது. வாசல்படியில் பிடித்து ஏறக் கைப்பிடி வைத்தாகிவிட்டது. முழங்காலுக்கு அது பெரிய உதவி. அத்தானின் கல் நேராகிவிட்டது, நூல் பிடித்துப் பார்த்தாகிவிட்டது.

உன் கோட்டைப் பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள். வயிற்றுக்கு மோர் குடி. குழாய் என்ன ஆயிற்று?

வேறு விசேஷம் இல்லை.

உன் அக்கா

பி.கு.: ஆள் கல்லுக்காரர்தான்.

*

ஜூன் 5

அக்காவுக்கு,

உன் வேறு விசேஷமின்மையைப் படித்தேன்.

அப்பாவின் தலைமாட்டுக் கல்லில் என்ன இருக்கிறதென்று உனக்கு ஞாபகப்படுத்துகிறேன். மேலே, பிதாவின் வீட்டில் அறைகள் ஏராளம் என்ற வசனம். நான் தேர்ந்தெடுத்து அனுப்பியது. கீழே, அவரை இழந்து வாடுவோர். மகள் இருக்கிறாள். மருமகன் இருக்கிறார். அப்போது முன்பல் விழுந்து நின்ற பேத்திகூட இருக்கிறாள். மகன் இல்லை. அறைகள் ஏராளமாம், எனக்கு ஒரு வரி இல்லை! நான் பயணப்பட்டு வந்து சேர்வதற்குள் கல்லை நட்டுவிட்டார்கள். கேட்டதற்கு உன் கல்லுக்காரர் என்ன சொன்னார்? உளியைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

நம் சபையில் கால் கிழக்கே இருக்கும்படி அடக்கம் செய்வது எதற்காக? கர்த்தர் கிழக்கிலிருந்து வரும்போது எழுந்து அவர் முகத்தைப் பார்க்க. அந்த நாளில் அப்பா எழுந்து உட்கார்ந்து, பிள்ளைகள் எங்கே என்று திரும்பிக் கல்லைப் படித்தால், தனக்கு ஒரு மகள் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். பெயர் சொல்லிக் கூப்பிட அவருக்கு என் பெயர் வேண்டாமா?

நீ யாரை வேண்டுமானாலும் கட்டிக்கொள். உனக்கு வயது வந்துவிட்டது. பீடத்துக்கு உன்னை அழைத்துப்போக வேறு ஆள் பார். நான் வரவில்லை.

நூலகத்து அம்மா இந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டாம் என்றாள். அவளுக்கு என்ன தெரியும்?

தம்பி

*

ஆகஸ்ட் 2

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாயா? நான் சுகம்.

உன் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு சொன்னார். "தம்பி அனுப்பின வசனம் நீளம்மா. ஒரு வார்த்தை குறையக் கூடாதுன்னு எழுதியிருந்தார். நான் அளந்து பார்க்காம மேலேர்ந்து வெட்டிக்கிட்டே வந்தேன். அந்த மாசம் என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில. அடிக்கு வந்தப்புறம்தான் ஒரு ஆளுக்கு இடம் இல்லன்னு தெரிஞ்சுது. தப்பு என்னோடதுதான். பொய் சொல்ல வாய் வரல, உண்மை சொல்லவும் வரல. அதான் உளியைத் துடைச்சேன்."

நான் அவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் இல்லை. முதல் கல்யாணத்துக்கு அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போனேன். இதற்கு நீ இல்லாமல் நான் ஆலயத்து நடுவழியில் நடக்க மாட்டேன். நாம் பிறந்த வீட்டில் மிச்சம் இருப்பது நாம் இரண்டு பேர்தானே. அவர் தேநீர்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, கைப்பிடியில் ஒரு திருகு தளர்ந்திருந்ததை முடுக்கிவிட்டுப் போனார்.

வருத்தப்படாதே. மாதர் சங்கத்தில் பாட்டுப் போட்டி வருகிறது. எனக்கு நேரமே இல்லை.

உன் அக்கா

*

ஆகஸ்ட் 19

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

கல்லுக்காரன் எழுதுவது. நலம், நலம் அறிய ஆவல். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. எழுதினால் கல்லில்தான், அதில் அடித்துத் திருத்த முடியாது. இது மூன்றாவது தாள்.

அம்மா வேண்டாம் என்று சொன்னதை மாற்றச் சொல்லி எழுதவில்லை. இரண்டு விஷயம்.

முதலாவது, எங்கள் பெயர்கள். அம்மாவின் பெயர் உங்கள் அத்தான் கல்லில் இருக்கிறது. என் பெயர் என் மனைவி கல்லில் இருக்கிறது. இரண்டையும் வெட்டியவன் நான். அழித்தால் கல் குழிந்து தெரியும். அழிக்கவும் வேண்டாம் என்று நாங்கள் பேசி வைத்திருந்தோம். கடைசியில் அம்மா அங்கேதான் படுப்பார்கள், நான் இங்கே. கர்த்தர் வரும் நாள் விடியும்போது அவரவர் துணைக்குப் பக்கத்தில் அவரவர் எழுந்திருக்கட்டும். நடுவில் இருக்கிற நாட்களை மட்டும்தான் நாங்கள் கேட்டோம். மேலே இருப்பவர்களுக்கு அதில் மனத்தாங்கல் வராது என்று நினைக்கிறேன். நீங்கள் படித்தவர், தவறென்றால் சொல்லுங்கள்.

இரண்டாவது, உங்கள் அப்பா. நீங்கள் அம்மாவுக்கு எழுதியதைப் படித்தேன். அவர் கிழக்கே பார்த்து எழுவார் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் தலைமாட்டுக் கல் அவர் முதுகுக்குப் பின்னால் அல்லவா இருக்கும்? அது நாம் படிக்க வைத்த கல். அவருக்கு எதிரே இருப்பது கால்மாடு. அங்கே ஒரு சின்னக் கல் நடலாம், எழுத்து அவரைப் பார்த்திருக்கும்படி. உட்கார்ந்ததும் முதலில் கண்ணில் படுவது அதுதான். திரும்பத் தேவையில்லை.

கல்யாணம் நடக்காவிட்டாலும் இதைச் செய்ய எனக்கு அனுமதி கொடுங்கள். பெயருக்குப் பின்னால் பட்டங்கள் போடவேண்டுமென்றால் எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள். இந்த முறை அளந்துவிட்டு வெட்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
கல்லுக்காரன்

*

ஆகஸ்ட் 27

கல்லுக்காரர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அதை மூன்று நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நூலகத்து அம்மா வாங்கிப் படித்துவிட்டு, "இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?" என்றாள். பேச்சை மாற்ற, அபராதம் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேட்டேன்.

முதல் விஷயம். அத்தானுக்கு மனத்தாங்கல் வராது. அவர் சொந்தக் குடையையே இரவல் கொடுத்துவிட்டு நனைந்து வருகிற ஆள். உங்கள் மனைவியை எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் சொல்கிற அந்த விடியலில் பொறாமைக்கு இடம் இருப்பதாக எந்த உரையாசிரியரும் எழுதவில்லை. நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

இரண்டாவது. கல் முழங்கால் உயரத்துக்கு மேல் வேண்டாம். அப்பா குள்ளம். எழுத்து பெரிதாக இருக்கட்டும், கண்ணாடி இருக்காது. பட்டங்கள் வேண்டாம். பெரிய பட்டம் வாங்கும்போது அவர் இல்லை, படித்தால் யாரோ வெளியாள் என்று நினைத்துவிடுவார். என் பெயரும் வேண்டாம். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. 'சின்னவன்' என்று மட்டும் வெட்டுங்கள்.

உங்களை மன்னித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பதினைந்து வருஷமாக வளர்த்த கோபம், ஒரே நாளில் வீட்டைவிட்டுத் துரத்த முடியாது. இப்போதைக்கு வராந்தாவில் உட்கார வைத்திருக்கிறேன்.

வரமாட்டேன் என்று அக்காவுக்கு நானே எழுதிவிட்டதால், வருகிறேன் என்று நானே எழுதுவது கௌரவக் குறைவு. நீங்கள் போய்ச் சொல்லுங்கள். போன கையோடு இன்னொரு முறை கேளுங்கள். தூசியைத் தட்டிவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
சின்னவன்

*

செப்டம்பர் 8

என் அருமைத் தம்பிக்கு,

அவர் வந்தார். தலைமுடி ஈரம், கழுத்தில் டை. எனக்கு அடையாளமே தெரியவில்லை, ஏதோ காப்பீட்டு ஏஜெண்டு என்று நினைத்து "இப்ப ஒண்ணும் வேணாங்க" என்று கதவைச் சாத்தப் போனேன். "அம்மா, ரெண்டாவது தடவையும் பார்க்காமலே வேணாம்னு சொன்னா எப்படி?" என்றார். அந்தக் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். நீ எழுதியது சரிதான்.

உன் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் உன் கோபத்துக்குத் தேநீர் கொடுக்கலாமா என்று கேட்கிறார். அவர் வேடிக்கையாகப் பேசுவார் என்று இதுவரை எனக்கே தெரியாது.

அக்டோபர் முதல் சனிக்கிழமை. போதகர் கண்ணை மூடாமல் சம்மதித்தார். உனக்கு மாடி அறை, குழாய் சொட்டாது. நேற்று ராத்திரி அத்தானிடம் சொன்னேன், படத்தைப் பார்த்துத்தான். அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். "அந்தத் தாழ்ப்பாளையாவது சரி பண்ணினானா?" என்பார். பண்ணிவிட்டார் என்றேன். அதற்குமேல் அவருக்கு ஒன்றும் இருக்காது.

நூலகத்து அம்மாவையும் கூட்டி வரலாம். இவ்வளவு கடிதம் படித்தவளுக்கு ஒரு சாப்பாடாவது போட வேண்டாமா?

வயிற்றைப் பார்த்துக்கொள். பூச்சி அரித்திருந்தால் கோட்டைக் கொண்டு வா, தைத்துத் தருகிறேன்.

உன் அக்கா

*

அக்டோபர் 14

அன்புள்ள அக்காவுக்கும், (எழுதக் கை கூசுகிறது என்றாலும்) அத்தானுக்கும்,

சுகமாக வந்து சேர்ந்தேன். வயிறு எரியவில்லை. உன் சாப்பாட்டினாலா என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். குழாய் இன்னும் சொட்டுகிறது. முதல்வர் என்னைப் பார்த்து, "ஆள் தெளிவா இருக்கீங்களே சார்" என்றான். எனக்கு எரிச்சல் வந்தது, ஆனால் பழைய அளவுக்கு இல்லை.

கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் உங்களிடம் சொல்லாமல் நான் எங்கே போனேன் என்று கேட்டாய். கல்லறைத் தோட்டத்துக்கு. கால்மாட்டுக் கல்லைப் பார்த்தேன். நின்று பார்த்தால் எனக்குத் திருப்தி வரவில்லை. அப்பாவின் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று பார்க்க வேண்டாமா? சுற்றிலும் யாரும் இல்லை. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு அப்பாவின் மேலேயே உட்கார்ந்து, தலைமாட்டுக் கல்லில் முதுகைச் சாய்த்து, கிழக்கே காலை நீட்டினேன். வெயில் வந்துகொண்டிருந்தது. 'சின்னவன்' என்று தெரிந்தது. எழுத்து நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

பின்னால் இருமல் சத்தம். புது மாப்பிள்ளை, கையில் கல்லின் நேர் பார்க்கும் நூல்குண்டோடு.

"சரியாத் தெரியுதா?"

"தெரியுது. கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு" என்றேன், விட்டுக்கொடுக்காமல்.

நூலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கல்லு நேராத்தான் இருக்கு. நீங்கதான் சாய்ஞ்சு உட்கார்ந்திருக்கீங்க" என்றார்.

கை கொடுத்துத் தூக்கிவிட்டார். முழங்கால் வலிக்கிறது, நம் குடும்பத்து முழங்கால்தானே. பெயருக்குக் கீழே ஏன் இவ்வளவு இடம் காலியாக விட்டிருக்கிறீர்கள், மறுபடியும் அளக்கவில்லையா என்று கேட்டேன். "அளந்துதான் விட்டேன். நீங்களும் ஒரு நாள் கல்யாணம் பண்ணிக்கிட்டா, அவங்க பேருக்கு இடம் இல்லன்னு இன்னொரு பதினஞ்சு வருஷம் என்கிட்ட பேசாம இருப்பீங்களே" என்றார்.

வண்டியில் வரும் வழியெல்லாம் அதற்கு ஒரு சூடான பதில் யோசித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து இருக்கையில் நூலகத்து அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டே.

இருக்கட்டும். உன்னிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். எனக்கு இல்லை. எங்கள் கல்லூரியில் ஒரு ஆசிரியர், ஐம்பது வயது, கொஞ்சம் முன்கோபி. அவர் ஒருத்தியிடம் ஒரு விஷயம் கேட்க நினைக்கிறார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லையாம்.

சீக்கிரம் பதில் எழுது.

உங்கள்,
சின்னவன்